கோபமா, பைத்தியமா: 'மேட்' என்னும் சொல்

ஆங்கிலத்தில் கோபத்தைக் குறிக்கும் பெயரடைகளில் 'மேட்' மிகச் சிறியது, மூன்றே எழுத்து. இங்கிலாந்தில் ஒருவரை 'மேட்' என்றால் முதலில் தோன்றும் பொருள் புத்தி பேதலித்தவர் என்பது. அமெரிக்காவின் அன்றாடப் பேச்சில் அதே சொல்லுக்கு முதல் பொருள் கோபமாக இருப்பவர். இவை தவிர அடங்காத ஆசை, தறிகெட்ட வேகம், முட்டாள்தனம், நாய்க்கு வரும் வெறிநோய் ஆகியவற்றையும் இச்சொல் சுமக்கிறது. இந்தியப் பள்ளிகளுக்கு ஆங்கிலம் பிரிட்டன் வழியாக வந்ததால், தமிழ் மாணவர் பெரும்பாலும் இதைப் 'பைத்தியம்' என்ற ஒற்றைப் பொருளிலேயே படிக்கிறார்.

இதை எழுதுபவரும் அந்த ஒரு பொருளை மட்டும் நம்பி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்குப் படிக்கப் போனவர்தான். அதுவரை தஞ்சை மாவட்டத்தில் தமிழ்வழிப் படிப்பு. அங்கே ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்கார அம்மாள் எழுபதை நெருங்கியவர், தனியாக வாழ்ந்தவர். ஒரு சனிக்கிழமை அவர் ஃபிரிட்ஜைத் துடைத்துச் சுத்தம் செய்தபோது உள்ளே இருந்த ஒரு புட்டியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய உப்பு நார்த்தங்காய் அது. கறுத்துச் சுருங்கி இருந்ததைப் பார்த்து, கெட்டுப்போன பண்டம் என்று நினைத்திருக்கிறார். மாணவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் சமையலறைப் பக்கமே இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மாள் காபிக் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஆர் யூ மேட் அட் மீ?"

மாணவர் காதில் விழுந்தது, 'உனக்கென்ன பைத்தியமா?' என்பதுதான். அந்தச் சொல் அவருக்கு மற்றச் சொற்களைப் போன்றதல்ல. அவருடைய அத்தை இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனநலம் குன்றிக் கீழ்ப்பாக்கத்தில் சில மாதம் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். குணமாகி, நடவுக்கும் அறுப்புக்கும் போய், இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். ஆனாலும் தெருவில் அவருக்குக் கடைசிவரை அதுவே பெயராக இருந்தது. அந்தச் சொல்லை வீட்டுக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தாத்தா வைத்த கட்டுப்பாடு மாணவரோடு ஒஹையோவுக்கும் போயிருந்தது. அன்று அவர் காபியைத் தொடாமல் எழுந்து போனார். வேறு அறை தேடத் தொடங்கிய பிறகே, உடன் படித்த ஒருவர் 'அட்' என்ற முன்னிடைச்சொல்லின் வேலையை எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் கேட்டது 'என்மேல் கோபமா?' என்று; கிட்டத்தட்ட மன்னிப்பு. அன்று மாலை இறங்கிப் போய் நார்த்தங்காயைப் பற்றியும் அத்தையைப் பற்றியும் அவரிடம் சொல்ல முடிந்தது.

இந்த இரு பொருளும் இப்படி ஒரே சொல்லில் வந்து சேர்ந்தது நெடுங்காலக் கதை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் புத்தி கெட்டுப்போன நிலையைக் குறித்தது. ஜெர்மானிய மொழிகளில் இதன் உறவுச் சொற்களுக்கு 'ஊனமுற்ற', 'மூடத்தனமான' என்ற பொருள்கள் இருந்தன. அடிவேர் 'மாறுதல்' என்ற கருத்தைக் கொண்டது என்பர் சொற்பிறப்பு அறிஞர். ஆள் மாறிப்போய்விட்டார் என்று நாம் சொல்வதும் அதே பார்வைதான். அந்தக் காலத்தில் பைத்தியத்துக்கு வழங்கிய சாதாரணச் சொல் வேறு. பிற்காலத்தில் அது மரத்தையும் காட்டையும் குறிக்கும் 'வுட்' என்ற சொல்லின் எழுத்துகளையே பெற்றது. புதன்கிழமையின் ஆங்கிலப் பெயரில் ஒளிந்திருக்கும் 'வோடன்' என்ற பழைய தெய்வத்தின் பெயரும் அதனோடு தொடர்புடையது. ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் காட்டில் அலையும் இளைஞன் ஒருவன் இந்த இரு 'வுட்'களையும் வைத்துச் சிலேடை பேசுகிறான். அந்தச் சொல் மெல்ல வழக்கொழிய, அதன் இடம் 'மேட்'டுக்கு வந்தது. சினம் தலைக்கேறியவர் என்ற பொருள் சுமார் 1400ஆம் ஆண்டிலேயே எழுத்தில் காணப்படுகிறது. ஆகவே கோபப் பொருள் அமெரிக்காவில் பிறந்ததல்ல.

இதற்கு நல்ல சான்று 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிள். அப்போஸ்தலர் நடபடிகள் 26ஆம் அதிகாரத்தில், 11ஆம் வசனத்தில், பவுல் தாம் முன்பு கிறிஸ்தவர்கள்மேல் கொண்டிருந்த கடுஞ்சினத்தைச் சொல்ல 'மேட்' வருகிறது. அதே அதிகாரத்தின் 24ஆம் வசனத்தில் ஆளுநர் பெஸ்து, படிப்பு மிகுந்து பவுலுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று குற்றம் சாட்டும்போதும் அதே சொல். முன்னது கோபம், பின்னது பைத்தியம். மூலமான கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வேரின் சொற்களே இருக்கின்றன. 'மேனியா' என்று மருத்துவத்துக்கு வந்த வேர் அது. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களுக்கோ ஒரு சொல் போதவில்லை. முதல் இடத்தில் 'மூர்க்கவெறி' என்றும் இரண்டாம் இடத்தில் 'பயித்தியம்' என்றும் பிரித்து எழுதினார்கள். ஆங்கிலம் ஒன்றாகக் கட்டி வைத்ததைத் தமிழ் அவிழ்த்துக் காட்டிய இடம் இது.

1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி புத்தி பேதலிப்பை முதலில் வைத்து, சினம் மூண்ட நிலையையும் ஒரு பொருளாகத் தந்தது. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் படித்தவர்கள் இந்தக் கோபப் பொருளைக் கொச்சை என்று ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். கடல் கடந்து குடியேறியவர்களின் பேச்சில் அது தடையின்றி வளர்ந்தது. ஜான் விதர்ஸ்பூன் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1768இல் பிரின்ஸ்டன் கல்லூரிக்குத் தலைவராக வந்து, 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். அவர் 1781இல் எழுதிய கட்டுரைகளில் அமெரிக்கர் பேசும் ஆங்கிலத்தின் குறைகளைப் பட்டியலிட்டார். 'அமெரிக்கனிசம்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. கோபமாக இருப்பவரை 'மேட்' என்பது அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. கவிஞர் உருவகமாகச் சொல்லலாம், நல்ல பேச்சாளர் சொல்லமாட்டார் என்பது அவர் கருத்து. 47 ஆண்டுகள் கழித்து, 1828இல், நோவா வெப்ஸ்டர் தம் அகராதியில் இதற்கு மறுமொழி தருவது போல எழுதினார்: அமெரிக்காவில் இச்சொல்லுக்கு ஒருவேளை மிகப் பரவலான பொருள் இதுவே, ஆர்பத்நாட் இப்படி எழுதியிருக்கிறார், இது முற்றிலும் சரியானது. ஜான் ஆர்பத்நாட் ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர், அங்கத எழுத்தாளர். ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கொச்சை என்று தள்ளியதை வெப்ஸ்டர் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரைச் சாட்சி வைத்து மீட்டார். சொல்லுக்குப் பெருவழக்கே உரிமை தரும் என்ற அகராதிக்காரரின் துணிவு மதிக்கத்தக்கது.

இன்று பொருளைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் சிறு சொற்கள். 'மேட் அட்' என்று வந்து பின்னால் ஆள் பெயர் வந்தால் கோபம். அதில் ஐயமே இல்லை. 'மேட் வித்' என்பதற்குப் பின் சினம், துக்கம், மகிழ்ச்சி போன்ற உணர்ச்சிப் பெயர் வந்தால், அந்த உணர்ச்சியால் நிலை மறந்தவர் என்று பொருள். ஆள் பெயர் வந்தால் அவர்மேல் கோபம். 'மேட் ஆன்' பிரிட்டனில் தீராத ஈடுபாட்டைச் சொல்லும். 'மேட் ஃபார்' துடிப்பையும் ஏக்கத்தையும் காட்டும். இவற்றுள் பெரிதும் குழப்புவது 'மேட் அபௌட்'. மின்கட்டண ரசீதைப் பற்றி அமெரிக்கர் ஒருவர் இப்படிச் சொன்னால் எரிச்சல். ஒரு பெண்ணைப் பற்றியோ பாடகரைப் பற்றியோ சொன்னால் உயிராக நேசிக்கிறார் என்று கொள்ளவேண்டும். ஒரே இடைச்சொல் வெறுப்புக்கும் காதலுக்கும் பொதுவாக நிற்கிறது. பேசப்படும் பொருளைப் பார்த்தே பிரித்தறிய முடியும்.

சொல் நிற்கும் இடமும் முக்கியம். கோபப் பொருள் பெரும்பாலும் பயனிலையாக வரும்போதுதான் கிடைக்கும். 'அந்த மனிதர் மேட்' என்ற அமைப்பில் அமெரிக்கர் கோபத்தை உணர்வார். 'ஒரு மேட் மனிதர்' என்று பெயருக்கு முன்னால் வைத்தால் அமெரிக்கருக்கும் பைத்தியமே தோன்றும். கூடப் பிறந்த 'ஆங்ரி'க்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கற்பிப்பவர்கள் இந்த ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும். பள்ளிகளில் அது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

துணை நிற்கும் வினையும் பொருளைத் திருப்பும். 'கெட் மேட்' என்றால் கோபப்படுதல். 'கோ மேட்' என்றால் பைத்தியமாதல். ஆனால் பிரிட்டிஷ் வீடுகளில் அம்மா இதைப் பார்த்தால் 'கோ மேட்' என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது, அம்மா கத்தித் தீர்ப்பார் என்ற பொருளில்தான். ஆக, கோபத்தை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லும் பிரிட்டனும் அதை முழுதாக விடவில்லை. கோபத்தில் துள்ளிக் குதிப்பதைச் சொல்லும் 'ஹாப்பிங் மேட்' அங்கேயும் வழங்குகிறது. 'டிரைவ் மீ மேட்' இரு நாட்டிலும் பொறுக்க முடியாத எரிச்சல். 'லைக் மேட்' என்றால் கோபமும் இல்லை, நோயும் இல்லை, மும்முரம் மட்டுமே. வினையடையான 'மேட்லி'யோ கோபத்தை அறவே உதறிவிட்டுக் காதலையும் பரபரப்பையும் பிடித்துக்கொண்டது. தாமஸ் ஹார்டியின் 1874ஆம் ஆண்டு நாவல் தலைப்பில் வரும் 'மேடிங்', தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட இரங்கற்பாவிலிருந்து எடுத்தது. வெறிகொண்டு ஆரவாரிக்கும் கூட்டம் என்பது அதன் பொருள். பலர் அதை 'மேடனிங்' என்று தவறாகச் சொல்கிறார்கள். அது எரிச்சலூட்டும் கூட்டம் என்று வேறாகிவிடும்.

மரபுத்தொடர்களுள் புகழ்பெற்றது 'மேட் அஸ் எ ஹேட்டர்'. தொப்பி செய்பவரைப் போலப் பைத்தியம் என்று இன்று பொருள் கொள்ளப்படுகிறது. லூயிஸ் கரோலின் 1865ஆம் ஆண்டு 'ஆலிஸ்' கதையில் வரும் தொப்பிக்காரரால் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தக் கதையில் அவர் பெயர் வெறும் 'ஹேட்டர்' மட்டுமே. கதைக்கு முன்பே, 1830களில், கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலிபர்ட்டன் இதே தொடரை எழுதியபோது அவர் சொல்ல வந்தது கோபத்தை. முயல் மயிரைக் கம்பளித் துணிபோல் ஒட்டவைக்கத் தொப்பித் தொழிலில் பாதரச நைட்ரேட் பயன்பட்டது. அதன் ஆவியை நாளும் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது. கூச்சமும் திடீர்ச் சினமும் வந்தன. அமெரிக்காவில் டான்பரி என்ற தொப்பி நகரத்தின் பெயராலேயே அந்த நடுக்கம் அழைக்கப்பட்டது. தொடருக்குக் காரணம் இதுதான் என்று எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. நோய் மட்டும் உண்மை. தொப்பித் தொழிலில் பாதரசத்துக்கு அமெரிக்கா முடிவு கட்டியது 1941இல்தான். பழமொழிபோலச் சிரித்துச் சொல்லப்படும் ஒரு தொடரின் பக்கத்தில் உழைப்பாளிகளின் நடுங்கும் கைகள் இருக்கின்றன.

'மேட் டாக்' என்பது வெறிநாய். இங்கே கோபமும் நோயும் பிரிக்க முடியாதவை. இந்த நோய்க்கு லத்தீனிலிருந்து வந்த பெயர் 'ரேபீஸ்'. ஆங்கிலத்தில் கடுஞ்சினத்தைச் சொல்லும் 'ரேஜ்' அதே சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியே வந்தது. 'ஆங்ரி' முன்னாளில் துன்பத்தையும் துக்கத்தையும் குறித்த பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து பிறந்தது. வீங்கிச் சிவந்த புண்ணை இன்றும் அப்படிச் சொல்வதுண்டு. 'லிவிட்' ஈயத்தின் கருநீலம். கோபத்துக்கென்றே பிறந்த சொற்கள் ஆங்கிலத்தில் அரிது. நோயிலிருந்தும் வலியிலிருந்தும் நிறத்திலிருந்தும் வாங்கியவை அதிகம்.

பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்ட மாட்டு மூளைநோய்க்கு மக்கள் வைத்த பெயர் 'மேட் கௌ'. அந்த மாடுகள் தடுமாறின, மிரண்டன. அவற்றுக்குக் கோபம் ஏதும் இல்லை. 1920களில் அமெரிக்கப் பெண்கள் கைப்பையில் வைத்திருந்த 'மேட் மனி'யோ கோபப் பணம்: கூட வந்த ஆணோடு சண்டை வந்தால் தனியாக வீடு திரும்புவதற்கான வண்டிச் சத்தம். அணு ஆயுத வல்லரசுகள் ஒன்றையொன்று முற்றாக அழிக்க முடியும் என்ற நிலையே அமைதி காக்கும் என்ற கொள்கையின் ஆங்கில முதலெழுத்துகளும் இதே சொல்லாக அமைந்தன. ஹட்சன் ஆய்வு நிறுவனத்தின் டொனால்ட் பிரென்னன் 1962இல் அந்தச் சுருக்கத்தை அமைத்தது அக்கொள்கையின் அறிவின்மையைச் சுட்டத்தான்.

இரு பொருளையும் ஒரே மனிதரில் காட்டிய படைப்பு 1976ஆம் ஆண்டின் 'நெட்வொர்க்' திரைப்படம். பேடி சாயெஃப்ஸ்கி எழுத, சிட்னி லூமெட் இயக்கியது. வேலை பறிபோகும் நிலையில் மனம் உடைந்து வரும் தொலைக்காட்சிச் செய்தியாளர், நேரலையில் மக்களைச் சன்னலைத் திறந்து தங்கள் கோபத்தைக் கத்தச் சொல்கிறார். அவர் 'மேட்' என்று முழங்குவது கோபத்தை. பார்ப்பவருக்கு மற்றப் பொருளும் கண்முன்னே நிற்கிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்த பீட்டர் ஃபின்ச்சுக்கு அவர் இறந்தபின் ஆஸ்கர் கிடைத்தது. ஒரு நாட்டின் நியாயமான கோபத்தையும் ஒரு மனிதரின் நோயையும் தொலைக்காட்சி எப்படி ஒன்றாக விற்கும் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

நியூயார்க் கறுப்பின இளைஞர் பேச்சில், பிறகு 1990களின் ஹிப்ஹாப் வழியாகப் பரவலாக, இச்சொல் வெறும் மிகுதியைச் சொல்லவும் வந்தது. 'மேட் பீப்பிள்' என்றால் ஏகப்பட்ட பேர். தமிழ் இளைஞர் ஒரு காட்சியை 'வெறித்தனம்' என்று புகழும்போது நடப்பதும் இதுவே.

நோயைக் குறிக்கும் பொருள் மட்டும் சட்டத்திலும் மருத்துவத்திலும் வெகுவாகப் பின்வாங்கிவிட்டது. தனியார் நடத்திய அடைப்பு வீடுகளை ஒழுங்குபடுத்த பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1774இல் இயற்றிய சட்டத்தின் பெயரே 'மேட்ஹவுசஸ் ஆக்ட்'. பின்னர் 'லூனடிக்', 'அசைலம்' என்ற சொற்கள் அதன் இடத்துக்கு வந்தன. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் திறக்கப்பட்டது அப்படிப்பட்ட 'அசைலம்'. 1922இல் அது மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. இன்று மனநலக் காப்பகம். இந்தியாவின் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த 'லூனசி' 1987இல் நீங்கி, 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநலப் பராமரிப்பு என்ற பெயரோடு வந்தது. பெயர் மாற்றம் வெறும் அலங்காரமல்ல. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கிச் சிரித்த திரைப்படங்களைப் பார்த்தபடி வளர்ந்தவர்களுக்கும், அங்கே உறவினரைச் சேர்த்துவிட்டு வாசலில் காத்திருந்தவர்களுக்கும் சொல்லின் எடை தெரியும். இதற்கு நேர்மாறான வழியை எடுத்தவர்களும் உண்டு. 1993இல் கனடாவின் டொரொன்டோ நகரில், மனநல சிகிச்சையின் கசப்பை அனுபவித்தவர்கள் தங்களுக்கென ஒரு நாளை நடத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்த இயக்கம் 'மேட் பிரைட்' என்று பெயர் பெற்றது. எறியப்பட்ட கல்லையே அவர்கள் கையில் ஏந்திக்கொண்டார்கள்.

தமிழில் இதற்கு இணை தேடுவோர் ஒரு சொல்லோடு நிறுத்த முடியாது. 'பைத்தியம்' நோயையும் முட்டாள்தனத்தையும், சினிமாப் பைத்தியம் என்பது போல ஈடுபாட்டையும் ஏற்கும், கோபத்தை ஏற்காது. 'பித்து' பித்தம் மிகுவதிலிருந்து வந்தது. அன்புக்கும் பக்திக்கும் நெருக்கம். மணக்கோலத்தில் இருந்த தம்மைத் தடுத்து அடிமை என்று உரிமை கொண்டாடிய முதியவரைச் சுந்தரர் சினந்து பித்தன் என்று ஏசினார் என்றும், திருவெண்ணெய்நல்லூரில் அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் கேட்டான் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. 'வெறி'யே 'மேட்'டுக்கு மிக அருகில் வருவது: வெறிநாய், கொலைவெறி, பணவெறி, குடிவெறி. சங்ககாலத்தில் முருகு ஏறி வேலன் ஆடியது வெறியாட்டு. அதைப் பாடிய புலவர் வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் பெற்றார். பழந்தமிழில் அச்சொல்லுக்கு நறுமணம் என்ற பொருளும் இருந்தது. ஆனால் ஒஹையோ அம்மாள் கேட்ட சாதாரண, வீட்டுக் கோபத்துக்கு 'வெறி' மிகப் பெரிது.

அதற்குப் பொருந்தும் சொல் இலங்கைத் தமிழில் இருக்கிறது: 'விசர்'. யாழ்ப்பாணத்தில் வெறிநாய் விசர்நாய். பைத்தியக்காரர் விசரர். பொருளற்ற பேச்சு விசர்க்கதை. எரிச்சல் மூண்டால் 'எனக்கு விசர் வருது' என்பார்கள். நோய், நாய், மடமை, கோபம் நான்கும் ஒரே சொல்லில், அமெரிக்க 'மேட்'டில் இருப்பது போலவே. இதை எழுதுபவர் இந்தச் சொல்லைக் கோபப் பொருளில் முதலில் கேட்டது பல ஆண்டுகள் கழித்து, டொரொன்டோவில் ஓடும் பேருந்தில். பனிச் சப்பாத்தைப் போட மறுத்து இழுத்துக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பேரனிடம் ஒரு பாட்டி, "என்ர விசரைக் கிளப்பாதை" என்றார். பிள்ளை காலை நீட்டிக்கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டது: "ஆர் யூ மேட் அட் மீ, அம்மம்மா?"